திருவருகைக் காலமும் ஆத்தும சோதனையும்

கிறிஸ்தவ திருச்சபையின் வழிபாட்டு ஆண்டு சனவரி முதலாந் திகதியில் தொடங்குவதன்று. மேற்றிசைத் திருச்சபைகளில் அது நத்தார்த் திருநாளுக்கு முன்வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுள் முதலாவதிலே தொடங்குகின்றது. அந்த ஞாயிறு நவம்பர் 27ஆந் திகதிக்கும் டிசெம்பர் 3ஆந் திகதிக்கும் இடைப்பட்ட நாள்களுள் ஒன்றாக அமையும். அன்று முதல் டிசெம்பர் 24 வரையுள்ள காலமே திருவருகைக் காலம். ஆகமன காலம் என்பது முன்னோர் வழங்கிய பெயர். வருகை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லொன்றின் தமிழாக்கங்களே இவ்விரண்டும். சில ஆண்டுகளில் இக்காலம் 28 நாள்வரை நீளும். சில ஆண்டுகளில் 22 நாளோடு முடிந்துவிடும்.

இந்நாள்களில் ஆலயத்தின் திருவுடைகள் ஊதா நிறம் பெறுகின்றன. வீடுகளிலோ வேறு ஆயத்தங்கள் நிகழ்கின்றன. சுவர்கள் வெள்ளையடிக்கப்படுகின்றன. புத்தாடைகள் தைக்கக் கொடுக்கப்படுகின்றன. பலகாரத்துக்கு மா இடிபடுகின்றது. சிறுவர் பாலன் குடிலுக்கு வைக்கோலும் களிமண்ணும் தேடுகின்றனர். இவையெல்லாம் வேண்டாதன அல்ல. மகிழ்ச்சிக்குரிய விருந்தாளி வரும்போது வீடு அதனை அறிந்திருத்தல் முறையே. ஆயின், வருகின்றவர் தங்கப்போவது வீட்டின் கூடத்திலன்று. மனிதனின் உள்ளத்திலே என்பது கிறிஸ்தவனின் நம்பிக்கை. அந்த உள்ளத்தை ஆயத்தஞ் செய்வது யாது? இவ்வினாவுக்குத் திருச்சபை பன்னெடுங் காலமாகக் கூறிவந்த விடைகளுள் ஒன்று ஆத்தும சோதனை. நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்கி, இறைவன் திருமுன் இருந்து, கழிந்த நாளைத் திரும்பிப் பார்ப்பதே அது.

தொடக்கத்தில் இக்காலம் கடுந்தவக் காலமாக இருந்தது. 5ஆம் நூற்றாண்டிலே, இன்றைய பிரான்சு தேசத்திலுள்ள தூர் நகரின் ஆயராயிருந்த பெர்பெத்துவுஸ் என்பார், நவம்பர் 11இல் வரும் புனித மார்ட்டினின் திருநாளிலிருந்து நத்தார்வரை வாரந்தோறும் மூன்று நாள் உபவாசம் இருக்குமாறு விதித்தார். கீழைத் திருச்சபைகள் பல இன்றும் நவம்பர் 15 தொடங்கி 40 நாள் நோன்பு காக்கின்றன. எனினும் 1969இல் கத்தோலிக்க திருச்சபை தன் வழிபாட்டு நாள்காட்டியைச் சீர்திருத்தியபோது, திருவருகைக் காலம் பக்தியும் மகிழ்ச்சியும் கலந்த எதிர்பார்ப்பின் காலம் என வரையறுத்தது. இவ்வரையறை கருத்தில் இருத்தத்தக்கது. தன்னைத் தான் சோதித்தல் என்றவுடன் பலர் நெஞ்சில் தோன்றுவது அச்சமும் துயரமுமே. மகிழ்ச்சியோடு எதிர்பார்ப்பதற்கும் தன் குறைகளை எண்ணிப் பார்ப்பதற்கும் என்ன தொடர்பு உண்டு?

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிளார்வோ மடத்துப் புனித பேர்ணாட் இக்காலத்துக்கென நிகழ்த்திய பிரசங்கங்களிலே இதற்கு வழிகாட்டுகின்றார். கிறிஸ்துவின் வருகை மூன்று என்பது அவர் கருத்து. முதலாவது, பெத்லகேமில் குழந்தையாய் வந்த வருகை. இறுதியானது, உலக முடிவில் மகிமையோடு வரும் வருகை. இவ்விரண்டுக்கும் நடுவே மறைவான வருகை ஒன்று உண்டு. அஃது அன்றாடம் மனிதரின் உள்ளத்தில் நிகழ்வது. முதல் வருகையை ஆயர்கள் கண்டனர். இறுதி வருகையை எல்லாரும் காண்பர். நடுவருகையைக் காண்போர் சிலரே. அதற்கு நாள்காட்டியில் திகதி இல்லை, நட்சத்திரம் எழுவதுமில்லை. சந்தையிலே, அடுக்களையிலே, காரியாலய மேசையிலே அது வந்து போகின்றது. வந்ததை மனிதன் அறிவது பெரும்பாலும் வந்து போன பின்னரே. அந்தியில் அமர்ந்து நாளைத் திரும்பிப் பார்ப்பவனுக்கே, இறைவன் எந்த இடத்தில் தன் கதவைத் தட்டினார், அவ்வேளை தான் திறந்தானா அடைத்தானா என்பது புலப்படும். ஆத்தும சோதனைக்கும் திருவருகைக் காலத்துக்கும் உள்ள தொடர்பு இதுவே.

தன்னைத் தான் ஆராய்தல் கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. அயலாரின் குற்றத்தைக் காணும் கண்கொண்டு தன் குற்றத்தையும் காணவல்லார்க்குத் தீங்கு இல்லை என்னும் கருத்தை வள்ளுவர் புறங்கூறாமை என்னும் அதிகாரத்தில் வைத்திருப்பது சிந்திக்கத்தக்கது. பிறரைப் பற்றிப் பேசும் நாவை அடக்குதற்கு ஏற்ற மருந்து தன்னைப் பற்றி அறிதலே என அவர் கண்டார். உரோமாபுரித் தத்துவஞானியாகிய செனெக்கா, இரவில் விளக்கை அகற்றியபின், தன் மனைவி மௌனமாயிருக்க, அன்றைய நாள் முழுவதையும் தான் விசாரணை செய்வதாகக் கோபத்தைப் பற்றிய தம் நூலிலே கூறுகின்றார். செனெக்காவின் நீதிமன்றத்தில் நீதிபதியும் அவரே, குற்றவாளியும் அவரே. கிறிஸ்தவ மரபு இங்கே ஒரு மாற்றத்தைச் செய்தது. விசாரிப்பவன் தனியே இருப்பதில்லை. அவனை அறிந்த, அவனை நேசிக்கின்ற ஒருவரின் முன்னிலையில் இருக்கின்றான். இம்மாற்றம் எத்துணை இன்றியமையாதது என்பதை இஞ்ஞாசியாரின் வாழ்க்கை காட்டுகின்றது.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1491இல் ஸ்பெயின் தேசத்து பாஸ்க்கு நாட்டிலே, லொயோலாக் கோட்டையில் பிறந்தவர். அரசவையையும் வாட்போரையும் விரும்பிய அவர், 1521 மே மாதத்தில் பம்பலோனாக் கோட்டையைக் காத்து நிற்கையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தார். நோய்ப்படுக்கையில் பொழுது போக்குதற்கு வீரகதைகள் கேட்டார். அவை அந்த வீட்டில் இல்லை. கிறிஸ்துவின் சரித்திரமும் புனிதர்களின் சரித்திரமுமே கிடைத்தன. அவற்றை வாசிப்பார், நூலை வைத்துவிட்டுத் தாம் அடையக்கூடிய உலகப் புகழை நினைப்பார். அப்போது ஒன்றைக் கவனித்தார். புகழைப் பற்றிய நினைவு நினைக்கும்போது இனித்தது. நினைத்து முடிந்தபின் நெஞ்சு வறண்டது. புனிதர்களைப் போல் வாழும் நினைவோ, முடிந்த பின்னரும் மகிழ்ச்சியை விட்டுச் சென்றது. எண்ணம் போனபின் நெஞ்சில் எஞ்சுவது எது எனப் பார்த்த அந்தப் பார்வையே அவருடைய ஆத்தும சோதனையின் வித்து.

ஆயின் அந்த வித்து முளைக்குமுன் பெரும் புயலொன்று வந்தது. 1522இல் மன்றேசா என்னும் ஊரில் தங்கித் தவம் புரிகையில், முன்னர் செய்த பாவங்களைத் தாம் முழுமையாகச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தோமா என்னும் ஐயம் அவரைப் பற்றிக்கொண்டது. மூன்று நாள் செலவிட்டு எழுத்தில் எழுதி அறிக்கையிட்டிருந்தும் ஐயம் தீரவில்லை. மீண்டும் சொன்னார், மீண்டும் ஒன்று விடுபட்டதாகத் தோன்றியது. தோண்டத் தோண்டக் குழி ஆழமாயிற்றேயன்றி நீர் சுரக்கவில்லை. தம் அறையிலிருந்த பெருந்துவாரத்தின் வழியே குதித்து உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்னும் சோதனையும் அவரை வருத்தியது. ஒரு வாரம் உணவு உண்ணாதிருந்தும் பார்த்தார். இறுதியில், பழையவற்றை மீண்டும் கிளறுவது இறைவனிடத்திலிருந்து வரும் தூண்டுதலன்று என உணர்ந்து, அதனை அறவே விட்டார். அன்றோடு அந்த நோய் நீங்கியது.

ஆத்தும சோதனையை உலகுக்கு ஒழுங்குபடுத்தித் தந்தவர், தன்னைச் சோதிக்கும் வேட்கையினால் உயிரிழக்கும் எல்லைவரை சென்று மீண்டவர் என்பது பலர் அறியாத உண்மை. ஆதலின் பாப்பரசர் 3ஆம் பவுல் 1548இல் அங்கீகரித்த அவரது ஆன்மீகப் பயிற்சி நூலிலே இச்சோதனை எவ்வாறு தொடங்குகின்றது என்பது கவனித்தற்குரியது. அது பாவத்தை எண்ணுவதில் தொடங்கவில்லை. நன்றி கூறுவதில் தொடங்குகின்றது.

அவர் வகுத்த படிகள் ஐந்து. முதலாவது, பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி கூறல். இரண்டாவது, தன் பாவங்களை அறிந்து அகற்றும் அருளை வேண்டல். மூன்றாவது, துயிலெழுந்த வேளை முதல் அந்நேரம் வரை, மணிக்கு மணியாக, எண்ணத்தையும் சொல்லையும் செயலையும் வரிசையாக ஆராய்தல். நான்காவது, குற்றங்களுக்கு மன்னிப்பு இரத்தல். ஐந்தாவது, இறையருளின் துணையோடு திருந்த உறுதிகொள்ளல். இதற்குக் கால்மணி நேரம் போதும்.

நன்றியை முதலில் வைத்ததன் பொருள் யாது? நாள் முழுவதும் உழைத்துக் களைத்த ஒரு தாயை எடுத்துக்கொள்க. அந்தியில் அவள் தன் குற்றங்களை மட்டும் எண்ணப் புகுவாளாயின், பிள்ளையைக் கடிந்ததும் அடுப்பில் கறி கருகியதும் மாமியாரோடு மனம் கசந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அவளை அமிழ்த்திவிடும். நன்றியிலே தொடங்குவாளாயின், காய்ச்சல் தணிந்த பிள்ளையின் முகமும், அயல்வீட்டார் கொடுத்தனுப்பிய ஒரு பிடி கீரையும் முதலில் நினைவுக்கு வரும். தான் நேசிக்கப்பட்டவள் என்பதை அறிந்தபின் தன் குறையைக் காண அவள் அஞ்சமாட்டாள். அன்பின் முன்னிலையில் குற்றத்தை ஒப்புக்கொள்வது எளிது; பகைவன் முன் யாரும் உண்மை பேசுவதில்லை.

இரண்டாம் படியும் அத்தகையதே. கடைக்காரர் இரவில் பேரேட்டை விரித்து வரவு செலவு பார்த்து ஐந்தொகை எடுக்கின்றார். தானே எழுதிய கணக்கைத் தானே சரிபார்க்கையில், தன் பிழை தன் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பது வியாபாரிகள் அனைவரும் அறிந்தது. உள்ளத்தின் கணக்கிலும் மனிதன் தனக்குச் சார்பாகவே எழுதுகின்றான். தன் கோபத்துக்கு நியாயம் என்றும், தன் உலோபத்துக்குச் சிக்கனம் என்றும், தன் அச்சத்துக்கு விவேகம் என்றும் பெயரிட்டு வைக்கின்றான். ஆகவே ஆராயத் தொடங்குமுன் வேறொருவரின் ஒளியை வேண்டவேண்டியிருக்கின்றது. காலபோக வயலில் களை பிடுங்குவோர் அறிவர்: சில புற்கள் இளம் பருவத்தில் நெல்லைப் போலவே தோன்றும். வெளிச்சமும் பழகிய கண்ணும் இன்றிக் களை எடுப்பவர் பயிரைப் பிடுங்கிக் களையை வளர்த்துவிடுவர்.

மூன்றாம் படியே சோதனையின் நடுப்பகுதி. இங்கே பலர் வழுவுகின்றனர். தாம் பாவிகள் எனப் பொதுவாகச் சொல்லி முடித்துவிடுகின்றனர். பொதுவான பாவத்தை எவரும் திருத்திக்கொண்டதில்லை. திருவருகைக் காலத்தின் பெரும் பிரசங்கியாகிய ஸ்நாபக அருளப்பர் யோர்தான் நதிக்கரையில் மனந்திரும்புமாறு கூறியபோது, மக்கள் தாம் என்ன செய்யவேண்டும் எனக் கேட்டனர். அவர் அளித்த விடைகள் லூக்காவின் நற்செய்தி 3ஆம் அதிகாரத்தில் உள்ளன. இரண்டு அங்கி வைத்திருப்பவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்கவேண்டும். ஆயக்காரர் விதிக்கப்பட்ட வரிக்கு மேல் வாங்கலாகாது. போர்ச்சேவகர் எவரையும் மிரட்டிப் பணம் பறிக்காமல் தம் சம்பளத்தோடு அமையவேண்டும். ஆயக்காரர் தம் தொழிலை விட்டுவிடவேண்டும் என்றோ, எல்லாரும் வனாந்தரத்துக்கு வந்து தம்மைப் போல் வெட்டுக்கிளி உண்ணவேண்டும் என்றோ அவர் கூறவில்லை. அவரவர் கைபட்ட இடத்தையே சுட்டிக்காட்டினார்.

ஆத்தும சோதனையும் அவ்வாறே அவரவர் தொழிலுக்கும் நிலைக்கும் ஏற்ப நிகழவேண்டும். வியாபாரி தன் தராசைப் பற்றிக் கேட்கவேண்டும். எழுதுவினைஞர், ஏழை ஒருவரை மறுநாள் வருமாறு அனுப்பிய அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்கவேண்டும். அவருக்கு அஃது ஒரு சொல், வந்தவருக்கு ஒரு நாட்கூலி. ஆசிரியர், பின்வரிசையில் இருந்த மந்தமான மாணவனிடம் தன் கண் சென்றதா எனக் கேட்கவேண்டும். அண்ணனும் தம்பியும் எல்லைவேலி பற்றிப் பகைத்து ஆண்டுகள் சென்றிருக்கலாம். வேலி அடைக்குந்தோறும் கதியால் ஒரு சாண் அங்கும் இங்கும் நகர்ந்திருக்கலாம். இருவரும் ஒரே ஆலயத்தில், ஆனால் வெவ்வேறு பக்கத்தில், முழந்தாளிட்டிருக்கலாம். அவர்கள் நாள்தோறும் பொதுப்படப் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டே முதுமை அடையலாம். மணிக்கு மணியாகத் தன் நாளைப் பார்ப்பவனுக்கோ, காலையில் வேலியோரம் அண்ணனைக் கண்டு முகந்திருப்பிய அந்த ஒரு கணம் தப்பாது எதிரே வந்து நிற்கும். காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு சமாதானமாகவேண்டும் என்பது கிறிஸ்துவின் மலைப்பிரசங்கப் போதனை. பாலன் குடிலின் முன் நிற்கும் வேளை வருமுன் கடக்கவேண்டிய தூரம் அந்த ஒரு சாண் நிலமாகவே இருத்தல் கூடும்.

இஞ்ஞாசியார் இதனோடு தனிச் சோதனை என்னும் மற்றொரு முறையையும் கற்பித்தார். பல குற்றங்களை ஒருங்கே எதிர்த்துத் தோற்பதிலும் ஒன்றைத் தெரிந்தெடுத்துப் போராடுதல் நன்று என்பது அதன் அடிப்படை. காலையில் எழுந்தவுடன் அக்குற்றத்துக்கு எதிராகக் காவல் இருக்க உறுதிகொள்ளவேண்டும். நண்பகல் உணவின் பின் ஒரு முறையும் இரவு உணவின் பின் ஒரு முறையும், எத்தனை தடவை விழுந்தோம் என எண்ணவேண்டும். நாளொன்றுக்கு இரண்டு கோடுகள். விழுந்த தடவை ஒவ்வொன்றுக்கும் கோட்டின்மேல் ஒரு புள்ளி. நூலில் வரையப்பட்ட கோடுகள் வாரம் செல்லச் செல்லக் குறுகுகின்றன. புள்ளிகளும் குறையும் என்னும் நம்பிக்கை அதில் உண்டு. விழும்போதெல்லாம் கையை நெஞ்சில் வைத்து வருந்தவேண்டும் என்றும், பலர் நடுவே இருப்பினும் பிறர் அறியாமல் இதைச் செய்யலாம் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். மனித இயல்பை நன்கறிந்த ஒருவரின் சொற்கள் இவை.

இப்பழக்கம் கத்தோலிக்கர் எல்லையுள் அடங்கியதன்று. 18ஆம் நூற்றாண்டிலே ஒக்ஸ்போட் சர்வகலாசாலையில் யோன் வெஸ்லியும் அவர்தம் தோழர்களும் சிறு குழுவாய்க் கூடித் தம்மைத் தாமே வினாவும் வினாக்களை வகுத்துக்கொண்டனர். 1733இல் வெஸ்லி வெளியிட்ட, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்குமான செபநூலிலே அத்தகைய வினாக்கள் இடம்பெற்றன. 1814இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்த மிசனரிமார் அவர் வழிவந்தோரே. அதற்கு முன்னரே, இயேசு சபையினர் நாளொன்றுக்கு இரு முறை ஆத்தும சோதனை செய்யும் தம் சபை மரபோடு தமிழகத்துக்கு வந்திருந்தனர். சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கித் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் அச்சபையைச் சார்ந்தவரே.

இச்சாதனையில் இரண்டு அபாயங்கள் உண்டு. ஒன்று மன்றேசாவில் இஞ்ஞாசியார் பட்ட துன்பம்: மன்னிக்கப்பட்டதை மன்னிக்கப்பட்டதென ஏற்காமல் ஓயாது கிளறுதல். இது பணிவுபோலத் தோன்றும். உண்மையில் இறைவனின் இரக்கத்திலும் தன் பாவத்தையே பெரிதாக மதிப்பதாகும். இதனால் வருந்துவோர் தனியே போராடாமல் தக்க ஞானகுரு ஒருவரின் சொல்லுக்கு அமைதல் நன்று. மற்றையது இதற்கு எதிரானது: கோடுகளில் புள்ளிகள் குறைவதைக் கண்டு தன்னைத் தானே மெச்சிக்கொள்ளல். ஆலயத்தின் முன்னே நின்று ஆயக்காரனோடு தன்னை ஒப்பிட்ட பரிசேயனும் ஒருவகையில் ஆத்தும சோதனையே செய்தான். வரவுப் பக்கத்தை மட்டும் வாசித்தான். இவ்விரு அபாயங்களிலும் மனிதன் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றான். வருகின்றவரை அவன் பார்ப்பதில்லை. 1972இல் அஷென்பிறெனர் என்னும் இயேசுசபைக் குரு எழுதிய கட்டுரையொன்று இதனை வற்புறுத்தியது. குற்றப் பட்டியலில் மட்டும் நின்றுவிடாது, இறைவன் அன்றைய நாளில் எவ்வாறு அழைத்தார், உள்ளம் எவ்வாறு மறுமொழி தந்தது என உணர்தலே இச்சோதனையின் உயிர் என அது விளக்கியது.

திருவருகைக் காலம் இப்பழக்கத்தைத் தொடங்குதற்கு ஏற்ற காலம். வாழ்நாள் முழுவதற்கும் ஒரு விரதத்தை ஏற்க அஞ்சுபவரும் 22 நாள் அல்லது 28 நாள் அதனைக் கைக்கொள்ளலாம். வடகீழ்ப் பருவ மழை பெய்து பொழுது முன்னதாக இருளும் மாதம் இது. டிசெம்பர் நடுவில் மார்கழி பிறக்க, அயலிலுள்ள சைவ மக்கள் திருவெம்பாவைக்காக விடியுமுன் எழுந்து நீராடி ஆலயஞ் செல்லும் காலமும் இதுவே. விழித்திருத்தலின் அருமையை இம்மாதம் எல்லாருக்கும் நினைவூட்டுகின்றது.

செய்யவேண்டியது சிறிதே. இரவு உணவு முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பின், விளக்கைத் தணித்துக் கால்மணி நேரம் அமர்தல். அன்று பெற்ற ஒரு நன்மையை அதன் பெயர் சொல்லி நினைத்தல். ஒளி வேண்டல். காலை முதல் நடந்தவற்றைப் பதற்றமின்றிப் பார்த்தல். தவறிய இடத்தில் மன்னிப்புக் கேட்டல். மறுநாள் காணவேண்டிய ஒருவரையோ செய்யவேண்டிய ஒரு காரியத்தையோ குறித்துக்கொண்டு, கர்த்தர் கற்பித்த செபத்தோடு எழுதல். முதல் வாரத்தில் நினைவு அலையும், உறக்கம் வரும். அதனால் கைவிடவேண்டியதில்லை. இரண்டாம் வாரத்தில், ஒரே குற்றம் ஒரே நேரத்தில் ஒரே மனிதரிடத்தில் நிகழ்வது தெரியவரும். அது தெரிந்த பின்னரே உண்மையான ஆயத்தம் தொடங்குகின்றது.

பெத்லகேமில் இடமில்லை என்று கூறியவர்கள் கொடியவர்களாக இருந்திருக்கவேண்டியதில்லை. குடிமதிப்புக்கென மக்கள் திரண்ட வேளையில் அவரவர்க்கு வேலை மிகுதியாக இருந்திருக்கும். வாசலில் நின்றவர் யார் என அவர்கள் அறியவில்லை. அந்த அறியாமை இன்றும் மனிதனுக்கு எளிது. நாளின் முடிவில் கால்மணி நேரம் வாசற்படியில் நின்று, இன்று வந்தவர் யார், திரும்பிச் சென்றவர் யார் எனக் கேட்கும் பழக்கமே அதற்கு மாற்று. அவ்வாறு கேட்கப் பழகியவன், நத்தார் நள்ளிரவில் ஆலயமணி ஒலிக்கும்போது, நாள்தோறும் தன்னைத் தேடி வந்தவரையே எதிர்கொள்ளச் செல்வான். செல்லும் வழியில் அண்ணன் வீட்டுப் படலையைத் திறந்து, அவனையும் உடன் அழைத்துச் செல்வானாயின், அந்த ஆண்டின் திருவருகைக் காலம் தன் பயனைத் தந்துவிட்டது எனலாம்.